குன்னூர் இறக்கத்தில் பிரேக் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது: இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சின் கெடுமா?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் தஞ்சாவூர். கார் ஓட்டக் கற்றுக்கொண்டு 8 மாதம் ஆகிறது. 1.2 லிட்டர் பெட்ரோல், கையால் கியர் மாற்றுகிற வண்டி, வாங்கும்போதே 6 வருடம் ஓடியிருந்தது. ஊருக்குள்ளும் திருச்சி, கும்பகோணம் வரைக்கும் தைரியமாக ஓட்டிவிடுவேன். போன வாரம்தான் முதல் தடவையாக மலைக்கு எடுத்துப் போனேன். அங்கே நடந்ததற்குப் பிறகு எனக்கு ஓட்டத் தெரியும் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிட்டது, அதனால்தான் கேட்கிறேன்.

ஏறும்போது ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினோம். நான், அம்மா, தம்பி, இரண்டு பிள்ளைகள், டிக்கி நிறையப் பைகள். மூன்றாவது கியர், சில இடத்தில் நான்காவது, கால் பிரேக்கிலேயே இருந்தது. கொஞ்சம் நேராக இருக்கும் இடத்தில் தம்பி "நியூட்ரல் போடுக்கா, பெட்ரோல் மிச்சம்" என்றான், அதையும் செய்தேன். பர்லியாருக்குக் கொஞ்சம் மேலே ஏதோ கருகுகிற நாற்றம். முன்னால் போகிற லாரியிலிருந்து வருகிறது என்றே நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் கால் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. வழக்கமாகப் பிடிக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை, பஞ்சு மூட்டையை மிதிப்பது மாதிரி. படபடவென்று நான்கைந்து தடவை மிதித்ததும் கொஞ்சம் பிடித்தது, எப்படியோ ஒரு டீக்கடை ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டேன். முன் சக்கரம் இரண்டிலும் புகை. தம்பி தண்ணீர் பாட்டிலோடு ஓடினான், கடைக்காரர் "ஊத்தாதீங்க, அப்படியே விடுங்க" என்று சத்தம் போட்டுத் தடுத்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து, அவர் சொன்னபடி இரண்டாவது கியரிலேயே மிச்ச வழியும் இறங்கினோம். பிரேக் அவ்வளவாகத் தேவைப்படவே இல்லை. ஆனால் எஞ்சின் இரைச்சல் தாங்கவில்லை, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற முள் 3000 பக்கத்திலேயே நின்றது, தம்பி கல்லாறு வரைக்கும் "எஞ்சின் போயிடும்க்கா, போயிடும்க்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

நான் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இப்படி இறங்கினால் எஞ்சினுக்கோ கிளட்சுக்கோ கேடு உண்டா? பெட்ரோல் வீணாகாதா? கற்றுக்கொண்ட இடத்தில் "முதலில் கிளட்ச், அப்புறம் பிரேக்" என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள், அது சரியா? அடுத்த மாதம் வால்பாறையில் ஒரு கல்யாணம், போய்த்தான் ஆக வேண்டும். ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு என்கிறார்கள். நான் ஓட்டலாமா, இல்லை ஆள் வைத்துக்கொள்ளட்டுமா?

மலையோட்டி:

தங்கச்சி, முதலில் எல்லோரும் நல்லபடியாக இறங்கி வந்தீர்களே, அது பெரிய விஷயம். பெடல் இறங்கியதும் பதறிப்போய் உறையாமல் திரும்பத் திரும்ப மிதித்தீர்கள் பாருங்கள், அதுதான் காப்பாற்றியது. அந்த டீக்கடைக்காரருக்கு அடுத்த தடவை போகும்போது ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

நான் கோத்தகிரி. 19 வருடமாக இந்த மலையில் வாடகை வண்டி ஓட்டுகிறேன், பெட்ரோல், டீசல் இரண்டும் ஓட்டியாயிற்று. 3000 சுற்றில் எஞ்சின் கெடாது. உங்கள் வண்டியில் இதற்கு மேல் போகக் கூடாது என்று காட்டுகிற சிவப்புக் கோடு 6000 பக்கத்தில்தான் ஆரம்பிக்கும், அதில் பாதியைக்கூட நீங்கள் தாண்டவில்லை. தஞ்சாவூரில் எப்போதும் 1500, 2000 சுற்றில் ஓட்டிப் பழகிய காதுக்கு அது அலறல் மாதிரி கேட்கிறது, அவ்வளவுதான். ஏறும்போது இதே செகண்ட் கியரில் இதே 3000 சுற்றில்தான் ஏறியிருப்பீர்கள், அப்போது தம்பி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது இறங்கும் முறை. கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் போட வேண்டும், இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி 50, 60க்குப் போன பிறகு, வளைவு கண்ணில் பட்ட பிறகு, செகண்டைத் தேடுவதுதான் ஆபத்து. சமதளம் முடிகிற இடத்திலேயே பிரேக் போட்டு வேகத்தை 30க்குக் கொண்டு வாருங்கள், கிளட்சை மிதித்து செகண்ட் போடுங்கள், ஆக்சிலேட்டரைச் சின்னதாகத் தொட்டு ரேஸ் கொடுத்தபடி கிளட்சை விடுங்கள், குலுங்காமல் உட்காரும். அப்புறம் இடது கால் கிளட்ச் பக்கமே போகக் கூடாது, தரையில் வைத்துக்கொள்ளுங்கள். வலது காலும் சும்மா இருக்கட்டும். வண்டி தானாக 30, 35ல் இறங்கும். சரிவு கூடுகிற இடத்தில் அது 40ஐத் தொடும், அப்போது பிரேக்கை நன்றாக ஒரு மிதி மிதித்து 30க்குக் கொண்டு வந்துவிட்டு காலை முழுசாக எடுத்துவிடுங்கள். திரும்ப 40 ஆகட்டும், திரும்ப ஒரு மிதி. லேசாக மிதித்தபடியே 2 கிலோமீட்டர் வருவதை விட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் காலை எடுக்கிற அந்த 10, 15 விநாடியில்தான் டிஸ்க்குக்கு, அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் தட்டுக்கு, காற்று பட்டுச் சூடு இறங்குகிறது. நீங்கள் குன்னூரிலிருந்து செய்தது சூடேற்றுகிற வேலை மட்டும்தான், ஆற விடவே இல்லை.

செகண்டிலும் வண்டி வேகம் பிடித்து ஓடுகிறது, ஒவ்வொரு 50 மீட்டருக்கும் பிரேக் கேட்கிறது என்றால் 20க்குக் கீழே கொண்டு வந்து ஃபர்ஸ்ட் போடுங்கள், வெட்கமே வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்குகிற கல்லட்டிப் பாதை அப்படிப்பட்டது, 36 வளைவு, சரிவு ரொம்ப அதிகம். வெளியூர் வண்டிகள் அதில் ஏறி வரலாம், இறங்க விடமாட்டார்கள். அந்தத் தடை வருவதற்கு முன்னால் அங்கே பள்ளத்தில் போன வண்டிகளில் பலதும் சமவெளிக்காரர்கள் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கியவை. மலைப்பாதையில் "இரண்டாவது கியரில் செல்லவும்" என்று பலகை வைத்திருப்பார்களே, அதை யாரும் படிப்பதில்லை.

இன்னொன்று. இப்படிக் கியரில் விட்டு எஞ்சினே வண்டியைப் பிடிப்பதை எஞ்சின் பிரேக் என்போம், அதில் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. ஒட்டிக்கொண்டு ஒருவன் வந்தால் பிரேக்கை விளக்கு எரிகிற அளவுக்கு லேசாக ஒரு தட்டு தட்டிக் காட்டுங்கள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி, குறுகலான இடத்தில் இறங்குகிறவர்கள்தான் நின்று வழி விட வேண்டும், அது சட்டமும்கூட.

வால்பாறைக்கு நீங்களே ஓட்டலாம். ஆனால் பிரேக்கை ஒரு பட்டறையில் பிரித்துக் காட்டாமல் போகவே போகாதீர்கள்.

பட்டறைக்காரன்:

அண்ணன் சொன்ன கடைசி வரியைத்தான் நான் முதல் வரியாகச் சொல்லுவேன். புகை வந்த பிரேக்கை "இப்போ நல்லாத்தான் பிடிக்குது" என்று விட்டுவிடக் கூடாது மேடம். மேட்டுப்பாளையம் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன், சீசன் நேரத்தில் திங்கட்கிழமை காலை வந்தால் இதே கதையோடு ஒரு வண்டியாவது நிற்கும்.

சக்கரத்தைக் கழற்றியதும், டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேடைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். நல்ல பேட் சொரசொரப்பாக, சிலேட்டில் மாவு பூசிய மாதிரி இருக்கும். சூடு வாங்கிய பேட் கண்ணாடி மாதிரி வழவழவென்று மின்னும், நகத்தால் கீறினால் வழுக்கும், ஓரத்தில் வெடிப்பு இருக்கும். டிஸ்க்கில் நீலமும் ஊதாவும் கலந்த நிறம் வட்டமாகத் தெரியும். அந்தப் பேடைத் தேய்த்துப் போடச் சொல்லிக் கேட்பார்கள், நான் செய்ய மாட்டேன், மாற்றித்தான் தருவேன்.

ஆனால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போனதற்குப் பேட் மட்டும் காரணம் இல்லை. பேட் மட்டும் சூடாகியிருந்தால் பெடல் கல் மாதிரி நிற்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. பெடலே இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மூடி போட்டிருந்தாலும் வருடக் கணக்கில் உறிஞ்சும். டாட் 3, டாட் 4 என்று பிரேக் ஆயிலில் தரம் உண்டு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, அது 155க்கு இறங்கும். இதெல்லாம் தர அளவில் சொல்கிற குறைந்தபட்சக் கணக்கு. கொதித்ததும் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம், உங்கள் கால் அழுத்தம் எல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், பேடுக்குப் போய்ச் சேராது. ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், அதனால்தான் முக்கால் மணி நேரத்தில் "சரியாகிவிட்டது".

6 வருட வண்டி என்கிறீர்கள், பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று பில் இருக்கிறதா? 2 வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. புதிய ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். என்னிடம் வருகிற பாதி வண்டிகளில் டப்பாவைத் திறந்தால் கட்டன் காபி நிறம். குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புவார்களே தவிர முழுதும் இறக்கி மாற்ற மாட்டார்கள். முழுதாக மாற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய ஆயில் போய்ப் புது நிறம் குழாயில் வருகிற வரை விடக் கூடாது.

தண்ணீர் ஊற்றாமல் தடுத்த அந்தக் கடைக்காரர் உங்கள் டிஸ்க்கைக் காப்பாற்றினார். சூட்டில் திடீரென்று தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிவிடும், வெடிக்கவும் செய்யும்.

எஞ்சின் கேள்விக்கு: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று உள்ளே போகிற வாசல் மூடிக்கொள்ளும். சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கத்தை இழுத்துப் பாருங்கள், இழுக்க வராது இல்லையா. நான்கு பிஸ்டனும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அதே மாதிரி இழுக்கப் பார்த்துத் திணறுகிறது, அந்தத் திணறல்தான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. உள்ளே எரிகிற வேலையே நடக்கவில்லை, அதனால் எஞ்சின் சூடாகாது, கீழே வரும்போது டெம்பரேச்சர் குறைந்துகூட இருக்கும். எஞ்சின் ஆயில் மேலே ஏறாமல் தடுக்கிற ரிங், வால்வு சீல் தேய்ந்த பழைய எஞ்சினில் மட்டும் ஒன்று கவனிக்கலாம்: நீளமான இறக்கம் முடிந்து முதல் தடவை ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் மேலே ஏறி எரிகிறது. அது எஞ்சினில் ஏற்கெனவே இருந்த தேய்மானம், இறக்கத்தில் வெளியே தெரிகிறது. போவதற்கு முன் எஞ்சின் ஆயில் அளவு பார்த்துவிடுங்கள்.

இயந்திரவாத்தியார்:

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். மாணவர்களுக்குப் போடுகிற கணக்கு ஒன்றை இங்கே போடுகிறேன், உங்கள் பிரேக் ஏன் புகைந்தது என்று தெரியும்.

குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325க்குப் பக்கம். வண்டி, ஆட்கள், பைகள் எல்லாம் சேர்த்து 1250 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1500 மீட்டர் இறங்கும்போது கிட்டத்தட்ட 1 கோடியே 80 லட்சம் ஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வருகிற சூடு அது. காற்றும் டயர் உருளும் தடையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி எல்லாம் சக்கரத்துக்குள் இருக்கும் சில கிலோ இரும்பின் தலையில் விழும், எஞ்சின் பங்கு போட்டுக்கொண்டால் ஒழிய.

தம்பி சொன்ன பெட்ரோல் கணக்குக்கும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது, கார்புரேட்டர் காலத்தில். இப்போது இருக்கிற இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் கணினி பெட்ரோலை முழுசாக நிறுத்திவிடும், ஒரு சொட்டு போகாது, சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. சுற்று 1500, 1000 என்று இறங்கிய பிறகுதான் திரும்பத் திறக்கும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள வேண்டும், அதற்குப் பெட்ரோல் செலவாகும். ஆக நியூட்ரல் போட்டுத்தான் நீங்கள் பெட்ரோலைச் செலவழித்தீர்கள். அதை விட மோசம் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவது. பிரேக்குக்கு உதவுகிற பூஸ்டர் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில் வேலை செய்கிறது, எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதியில் அது தீர்ந்துபோகும், அப்புறம் முழு பலத்தையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

டீசல் வண்டிக்காரர்கள் கவனிக்க: டீசலில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி மூடிக்கொள்கிற வாசல் பெரும்பாலும் கிடையாது, அழுத்திய காற்று திரும்ப விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் பேருந்திலும் லாரியிலும் புகைக்குழாயை அடைக்கிற எக்சாஸ்ட் பிரேக் தனியாக வைக்கிறார்கள்.

சமவெளி:

ஒரு மாற்றுக் கருத்து. இதையெல்லாம் படித்துவிட்டு ஊருக்குள்ளும் சிக்னலுக்குச் சிக்னல் 4, 3, 2, 1 என்று கியரை இறக்கி வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் நண்பன் ஒருவன் அப்படி ஓட்டியே 40,000 கிலோமீட்டரில் கிளட்ச் மாற்றினான். பேட் மாற்றுவது சின்னச் செலவு, கிளட்ச் மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். பிரேக் எதற்கு இருக்கிறது? நிறுத்துவதற்குத்தானே?

பட்டறைக்காரன்:

நீங்கள் சொல்வது சரிதான், சமவெளிக்கு. சிக்னலில் நிற்கப் போகிறீர்கள் என்றால் இருக்கிற கியரிலேயே பிரேக் போட்டு வாருங்கள், வண்டி திணறுவதற்குச் சற்று முன்னால் கிளட்சை மிதியுங்கள், நின்றதும் முதல் கியர். நடுவில் எல்லாக் கியரையும் தொட வேண்டியதில்லை.

உங்கள் நண்பரின் கிளட்சைத் தின்றது கியரை இறக்கியது இல்லை, இறக்கிய விதம். ரேஸ் கொடுக்காமல் கிளட்சை இழுத்து இழுத்து விட்டால் எஞ்சினை 1500லிருந்து 3000க்குக் கொண்டு போகிற வேலையைக் கிளட்ச் பிளேட் தேய்ந்துதான் செய்ய வேண்டும். ஒரு நொடி ஆக்சிலேட்டரைத் தொட்டு எஞ்சினை அந்தச் சுற்றுக்குக் கொண்டு வந்துவிட்டு விட்டால் பிளேடுக்கு வேலையே இல்லை. மலையில் ஒரு தடவை செகண்ட் போட்டுவிட்டு 5 கிலோமீட்டர் அப்படியே வருகிறோம், அங்கே கிளட்ச் எங்கே தேயும்?

எஞ்சினை உண்மையில் கொல்வது வேறு. நெடுஞ்சாலையில் 100ல் போகும்போது கை தவறி செகண்டில் விழுந்து கிளட்சை விட்டுவிட்டால் எஞ்சின் 7000 சுற்றுக்குப் போகும். ஆக்சிலேட்டரை மிதித்துச் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் கணினி பெட்ரோலை நிறுத்தித் தடுக்கும், சக்கரம் இழுத்துச் சுற்றினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்த எஞ்சினை நான் பிரித்திருக்கிறேன். வேகத்தைப் பிரேக்கால் குறைத்த பிறகுதான் கியரைக் குறைக்க வேண்டும் என்பது அதற்காகத்தான்.

பின்சக்கரம் இழுக்கிற வண்டி, அதாவது ஜீப், பழைய வேன் வகை வைத்திருப்பவர்கள் மழையில் இன்னும் ஜாக்கிரதை. வழுக்குகிற வளைவில் தடாலென்று கியரைக் குறைத்தால் பின்சக்கரம் இழுபட்டு வண்டி குறுக்கே திரும்பும்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்:

அம்மா, நான் மலைத் தடத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். என் மகன் இதைக் காட்டினான், அவனைத் தட்டச்சு செய்யச் சொல்லி நான் சொல்கிறேன்.

"முதலில் கிளட்ச், அப்புறம் பிரேக்" என்பது ஓட்டுநர் பள்ளி மைதானத்தில் வண்டி ஆஃப் ஆகாமல் இருக்கச் சொல்லிக் கொடுப்பது. மலையில் அது உயிருக்கு உலை வைக்கிற பழக்கம். கிளட்சை மிதித்த கணத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடுகிறது, நியூட்ரலுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. மலையில் முதலில் பிரேக், வண்டி நிற்கப் போகிறது என்றால் மட்டும் கடைசியில் கிளட்ச். அதை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் ஊருக்கு வெளியே காலியான ரோட்டில் பழகினால் கால் தானாகக் கற்றுக்கொள்ளும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பேருந்தில் கியர் லேசில் விழாது. கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு ரேஸ், திரும்ப மிதித்துக் கீழ்க் கியர், டபுள் கிளட்ச் என்போம். ரேஸ் சரியாக வராவிட்டால் கியர் கறகறவென்று கத்தும், உள்ளே போகாது, 50 பேரை வைத்துக்கொண்டு இறக்கத்தில் கியர் இல்லாமல் நிற்போம். அதனால் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் முதல் நாளே சொன்னார், எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு, வளைவுக்குள் கியர் கம்பியைத் தொடாதே. இப்போது உங்கள் காரில் கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஆனாலும் அந்தச் சொல் மாறவில்லை.

பேருந்தில் காற்று பிரேக். மிதிக்க மிதிக்க டாங்கியில் காற்று இறங்கும், முள் கண் முன்னாலேயே கீழே வரும். அதனால் எங்களுக்குப் பிரேக் என்பது எண்ணிச் செலவு செய்கிற காசு மாதிரி. கார் ஓட்டுகிறவர்களுக்கு அப்படி ஒரு முள் இல்லை, பிரேக் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. மூக்குதான் முள். நாற்றம் வந்தால் அது முன்னால் போகிற லாரி என்று நினைக்காதீர்கள், நம்முடையது என்றே நினைத்து நிறுத்துங்கள்.

பெடல் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காலை எடுத்து எடுத்து வேகமாக மிதியுங்கள், கொஞ்சமாவது பிடிக்கும். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு, எஞ்சின் கத்தினாலும் பரவாயில்லை. ஒரே இழுப்பில் ஒன்றுக்குப் போகப் பார்த்தால் விழாமல் நடுவில் நின்றுவிடும். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். எதுவும் ஆகாவிட்டால் மலைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துங்கள், தகடு போனால் போகட்டும். பள்ளத்துப் பக்கம் மட்டும் பார்க்கவே பார்க்காதீர்கள், கண் போகிற பக்கம்தான் கை போகும்.

நிறுத்திய பிறகு சூடான சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் ரிவர்ஸ் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுங்கள்.

புதுவண்டி:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி, என்னுடையது கிளட்ச் பெடல் இல்லாத, தானாகவே கியர் மாற்றிக்கொள்கிற ஏஎம்டி. அதில் என்ன செய்வது?

மலையோட்டி:

கம்பியை 'எம்' பக்கம் தள்ளி நீங்களே செகண்டில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 'டி'யில் விட்டால் நீங்கள் காலை எடுத்ததும் அது மேல் கியருக்குப் போகப் பார்க்கும், வண்டி ஓடும். வேறு வகை ஆட்டோமேட்டிக்கில் 'எல்' அல்லது '2' என்று ஒரு இடம் இருக்கும், அதுதான் இறக்கத்துக்கு.

காவிரிக்கரை:

வால்பாறை போய்விட்டு நேற்று இரவுதான் வந்தோம். எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

போவதற்கு முன்னால் பட்டறையில் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பிரேக் ஆயில் பட்டறைக்காரர் சொன்ன அதே கட்டன் காபி நிறம். பேட் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மின்னியது, மாற்றிவிட்டோம். கிளட்ச் பழக்கத்தை மாற்றத்தான் கஷ்டப்பட்டேன், புறவழிச்சாலையில் காலை 6 மணிக்குப் போய் 4 நாள் பழகினேன். இடது கால் தானாக எழும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டார்.

இறங்கும்போது வளைவுகள் தொடங்குவதற்கு முன்னாலேயே ஓரமாக நிறுத்தி, செகண்ட் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். 40ல் ஆரம்பித்து எண் குறைந்துகொண்டே வருகிற பலகைகளைப் பிள்ளைகள் சத்தமாகப் படித்தார்கள். 2500லிருந்து 3000 சுற்று, அதே இரைச்சல், ஆனால் இந்தத் தடவை அது என்னைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிற சத்தமாகத்தான் கேட்டது. ஒரு வளைவில் வரையாடுகள் ரோட்டிலேயே நின்றன, பிரேக்கை ஒரு மிதி, அப்படியே நின்றது, பெடல் மேலேயே கெட்டியாக இருந்தது. 9ஆவது வளைவில் ஆழியாறு அணை தெரிகிற இடத்தில் இறங்கி, முதல் வேலையாக முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு போய் மோந்து பார்த்தேன். ஒரு நாற்றமும் இல்லை. கையைக் கிட்டே கொண்டு போனால் சூடு தெரிந்தது, அவ்வளவுதான்.

தம்பி அங்கே நின்றுகொண்டு இந்தப் பக்கத்தை முழுதும் படித்தான். மிச்சம் இருந்த வளைவுகளுக்கு அவன் ஓட்டினான், செகண்டிலேயே.